வலப்பக்கப் படகு

கண்ணால் காணாத ஒரு சாவைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் நான்கு பேருக்கு நன்மை நடக்கும் என்றால், அதைச் சொல்லலாமா, கூடாதா? தொண்ணூற்று நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் பதில் தெரியாமல் விழித்திருப்பேன். நல்ல வேளையாக என்னிடம் யாரும் கேட்கவில்லை. லண்டன் டூட்டிங்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த குலசேகரத்திடம் கேட்டார்கள்.

குலசேகரத்துக்கு அப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது. மேல் டூட்டிங் வீதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் மனைவி தவமலரோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. பின்னேர ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவார். எந்த மண்டபத்துக்குப் போனாலும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கதிரையைத்தான் பார்த்து உட்காருவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் காரணம் தெரியும். அவருக்கு லண்டன் தமிழர்கள் வைத்த பெயர் ‘கப்பல் குலம்’.

யாழ்ப்பாணத்தின் வடகரை ஊர்களில் படிப்பை முடித்த பலர் எழுபதுகளில் கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் ஏறினார்கள். குலசேகரமும் அப்படித்தான் ஏறினார். ஆனால் கப்பல் தாண்டு, அதாவது மூழ்கி, உயிரோடு வந்தவர் என்று டூட்டிங்கில் அவர் ஒருவர்தான் இருந்தார். அதனால் பிறந்தநாள் விழாவோ பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கோ எதுவானாலும், ஆண்கள் கண்ணாடிக் குவளைகளோடு ஒரு மூலையில் கூடியதும் யாராவது அவரைக் கைபிடித்துக் கூட்டி வருவார்கள். அந்தக் கதையை இவருக்கு ஒருக்கால் சொல்லுங்கோ என்பார்கள். ஆரம்பத்தில் குலசேகரம் கைகளை வீசி, சத்தங்களைச் செய்துகாட்டி விரிவாகச் சொன்னார். வருடங்கள் போகப்போகக் கதை சுருங்கியது. பிறகு அதை அவர் வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.

“அதுதான் அண்ணை விஸ்கிக்குக்கூடத் தண்ணி விடுறேல்லை,” என்று ஒருவர் எப்போதும் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். குலசேகரமும் சிரிப்பார்.

கதை இதுதான். எண்பத்து நான்காம் ஆண்டு நவம்பர் மாதம். பச்சை உடலும் மஞ்சள் புகைபோக்கியும் உள்ள பழைய கப்பல். மூன்று முதலாளிகளிடம் கைமாறியதால் அதற்கு மூன்று பெயர்கள். முகப்பில் புதுப் பெயரின் வண்ணத்துக்குக் கீழே பழைய எழுத்துகள் மேடாகத் தெரியும். வயிறு நிறையச் சோளத்தை ஏற்றிக்கொண்டு அது வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கே விரிகுடாவில் கடல் உயரமாக இருந்தது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. கொட்டி ஏற்றிய சோளம் தண்ணீர் மாதிரி. கப்பல் சாய்ந்தால் அதுவும் அந்தப் பக்கம் ஓடும். ஆனால் கப்பல் நிமிரும்போது அது திரும்பி வராது. பொழுது படும் நேரத்தில் கப்பல் ஒரு பெரிய அலைக்கு இடப்பக்கம் சாய்ந்தது. சோளம் முழுவதும் அந்தப் பக்கம் சரிந்தது. கப்பல் பிறகு நிமிரவில்லை.

அபாய மணி அடித்தது. கப்பலில் ஏறும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் அவரவர் உயிர்காக்கும் படகைச் சொல்லிவிடுவார்கள். குலசேகரத்துக்கு இடப்பக்கப் படகு. அவருடைய ஊர்க்காரரும் ஒரே அறையில் படுப்பவருமான ஆனந்தராஜாவுக்கு வலப்பக்கப் படகு. கப்பல் சாய்ந்த பக்கத்தில் இருந்ததால் இடப்பக்கப் படகு கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து கயிற்றை வெட்டினால் போதும். வலப்பக்கப் படகோ வானத்தைப் பார்த்தபடி கப்பலின் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை இறக்குவதற்கு ஆனந்தராஜாவும் வேறு சிலரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. குலசேகரம் தன்னுடைய படகில் இருந்து கூப்பிட்டார். ஆனந்தராஜா திரும்பி, நீ போ என்று கையைக் காட்டினார். கயிறு வெட்டப்பட்டது. அலை படகை விலத்திக்கொண்டு போனது. மழை பிடித்தது. பிறகு அந்த விளக்கு அணைந்தது.

இந்த இடத்தில் குலசேகரம் நிறுத்திவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதுக்குப் பிறகு என்ன என்று யாராவது கேட்பார்கள்.

“அதுக்குப் பிறகு நான் காணேல்லை,” என்பார் குலசேகரம்.

அது உண்மை. அவருடைய படகில் இருந்த கிரேக்க இன்ஜினியர், மற்றப் படகு தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அது சரக்கறை மூடி உடைந்த சத்தம் என்றார். இன்னொருவர் நீண்ட நேரம் ஒரு விசில் சத்தம் கேட்டதாகச் சொன்னார். விடிந்ததும் ஸ்பெயின் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்று இவர்களை ஏற்றியது. தேடிப்போனவர்களுக்குப் பலகைகளும் எண்ணெய்ப் படலமும் கிடைத்தன. வலப்பக்கப் படகு முழுசாகவும் கிடைக்கவில்லை, உடைந்தும் கிடைக்கவில்லை. அதில் இருந்திருக்க வேண்டிய ஒருவரின் உடலும் கரை சேரவில்லை.

ஊரில் அப்போது சண்டை. திரும்பிப் போக வழியில்லாமல் எண்பத்தைந்தில் குலசேகரம் லண்டனுக்கு வந்தார். அகதி விசா, பிறகு பெற்றோல் நிலையம், பிறகு தவமலர். கடல் முடிந்துபோனது என்று அவர் நினைத்தார். ஆனால் எண்பத்தேழு மார்ச்சில் பெல்ஜியத்துக் கரையில் ஒரு பயணிகள் கப்பல் சரிந்து விழுந்தது. அன்று வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. கப்பலின் முன்கதவை மூடாமல் ஓட்டினால் தண்ணீர் வரும்தானே, ஏன் ஓட்டினவங்கள் என்று பலசரக்குக் கடைக்காரர்கூடக் கேட்டார். எண்பத்தொன்பதில் தேம்ஸ் ஆற்றில் ஒரு உல்லாசப் படகு மூழ்கியது. மறுபடியும் தொலைபேசி. எங்கோ ஒரு கப்பல் கவிழ்ந்தால் லண்டன் தமிழர்களுக்குக் குலசேகரத்தின் நினைவு வரும். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார்கள். அவர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஓம், ஓம் என்று சொல்லியபடியே காலுறையைக் கழற்றுவார்.

கேட்காத ஒருத்தி இருந்தாள். அவள் ஆனந்தராஜாவின் மனைவி சிவனேஸ்வரி.

எண்பத்தெட்டில் அவள் மகள் வதனியோடு லண்டனுக்கு வந்தாள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தம்பியின் வீட்டில் சில காலம் இருந்துவிட்டு, அங்கேயே நகரசபைக் கவுன்சில் கொடுத்த வீட்டுக்குப் போனாள். சான்ட்விச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குளிரறையில் நின்று பாணுக்கு வெண்ணெய் பூசும் வேலை. வந்த புதிதில் தம்பியோடு டூட்டிங்குக்கு வந்தாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக வந்து உட்கார்ந்தாள். அவர் கதையைச் சொன்னார். விளக்கு அணைந்த இடத்தில் நிறுத்தினார். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். குளிருக்கு ஏதாவது போட்டிருந்தவரோ என்று கேட்டாள். ஓம், என்ரை நீல ஸ்வெட்டரைப் போட்டிருந்தவன் என்றார் குலசேகரம். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் சுகம் விசாரிப்பாள், தவமலருக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுப்பாள். கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க மாட்டாள். பொட்டையும் எடுக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. ஆண்டுத் திவசமும் செய்யவில்லை. சனங்கள் முதுகுக்குப் பின்னால் பலதையும் கதைத்தார்கள்.

தொண்ணூற்று நான்கில் வதனிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வீடு லண்டனின் வடமேற்கே ஹரோவில். தகப்பன் இராஜேந்திரன் அங்கே கணக்காளர். நல்ல மனிதர், ஆனால் எதையும் தீர்த்து எழுதி முடிக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் அவருடைய கார் பெற்றோல் நிலையத்துக்குள் வந்தது. பெற்றோல் அடித்துக் காசைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. சொக்லேட் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடை வெறுமையானதும் கிட்ட வந்தார்.

“அண்ணை, நான் பெற்றோல் அடிக்க வரேல்லை. உங்களிட்டை ஒரு சொல்லு வாங்க வந்தனான்.”

விஷயத்தை அவர் ஒழுங்காகச் சொன்னார். கலியாணக் காட், அதாவது அழைப்பிதழ், அச்சுக்குப் போக வேண்டும். பெண்ணின் தகப்பனுடைய பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா, விடுவதா என்று தெரியவில்லை. அச்சடிப்பவர் ஓயாமல் தொலைபேசி எடுக்கிறார். சிவனேஸ்வரி பூவும் பொட்டுமாக மணவறைக்குக் கிட்ட நிற்பதா, ஒதுங்கி நிற்பதா என்று தன் வீட்டார் கேட்கிறார்கள். குருக்கள் ஐயாவிடம் கேட்டாராம். உடல் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு வருடம் பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து அதைத் தகனம் பண்ணிக் கிரியைகளை முடிக்கலாம் என்று ஐயா சொன்னாராம். பன்னிரண்டு வருடத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

“ஆனால் கண்டவர் ஒருத்தர் இருந்து, கண்டனான் எண்டு வாயாலை சொன்னால், உடனை செய்யலாமாம். லண்டனிலை கண்டவர் நீங்கள் ஒராள்தான்.”

“நான் காணேல்லையே,” என்றார் குலசேகரம்.

“கப்பல் தாண்டதைக் கண்டனீங்கள்தானே?”

“அதையும் முழுசாய்க் காணேல்லை. மழை.”

இராஜேந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சனம் என்ன கதைக்குது எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் பிரேசிலிலை வேறை குடும்பமாய் இருக்கிறாராம். செத்தவர் எண்டால் அந்த மனிசிக்கு ஒரு மரியாதை. இல்லையெண்டால் விட்டிட்டுப் போன ஒராளின்ரை பெண்சாதி. பத்து வருஷமாய் அவ நடுவழியிலை நிக்கிறா. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அவ ஒரு கரைக்கு வந்திடுவா.”

குலசேகரம் யோசித்துச் சொல்லுறன் என்றார். அடுத்த கார் வந்து நின்றது.

வீட்டில் தவமலரிடம் சொன்னார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிவனேஸ்வரிக்கும் இது தெரியுமாம், அவளும் சம்மதமாம் என்று தவமலர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள்.

“சொல்லிப்போடுங்கோவன். கடலுக்குள்ளை இருந்து ஆர் வந்து, நீங்கள் சொன்னது பிழை எண்டு சொல்லப்போகினம்?”

“வந்திட்டால்?”

தவமலர் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “பத்து வருஷமப்பா,” என்றாள். பிறகு, “உங்களுக்கும் இது காணும், போதும். சொல்லிப்போட்டு நித்திரை கொள்ளுங்கோ,” என்றாள்.

அது அவருக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் களைத்துப்போயிருந்தார். கடலால் வந்த களைப்பு அல்ல இது. முடிவு இல்லாத ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் வந்த களைப்பு. ஏணியில் கடைசிப் படி இல்லாத இடத்தில் பத்து வருடமாகக் காலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். ‘அவன் தாண்டதை நான் கண்டனான்’ என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். தானும் தன்னைக் கேட்க வேண்டியதில்லை.

அந்த மாதக் கடைசியில் பால்டிக் கடலில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் மூழ்கியது. தொலைக்காட்சியில் ஹெலிகொப்டரில் இருந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். சாம்பல் நிறத் தண்ணீரில் படகுகள் குப்புறக் கிடந்தன. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தவமலர் எடுத்து, அவர் இல்லை என்று சொன்னாள். குலசேகரம் ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் படகுகளையே பார்த்தார். அந்தக் குளிரில் யாரால் இருக்க ஏலும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கே இருக்க ஏலாது என்றால் பிஸ்கேயில் மட்டும் ஏலுமா? இவ்வளவு காலமும் தான் உண்மை பேசவில்லை, வெறும் பிடிவாதம்தான் பிடித்தேன் என்று நினைத்தார். அடுத்த நாள் இராஜேந்திரனுக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்கு வாறன், சொல்லுறன் என்றார்.

ஞாயிறு பின்னேரம் வடக்குப் பாதை ரயிலில் ஏறிப் பிறகு மாறிப் பார்க்கிங்கில் இறங்கினார். வழியெல்லாம் அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வலப்பக்கப் படகு கவிழ்ந்தது, ஆனந்தன் தண்ணிக்குள்ளை போனவன், நான் கண்டனான். சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே இருந்தது.

சிவனேஸ்வரியின் வீட்டில் இராஜேந்திரன் முன்னமே வந்து மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லி முடித்ததும் குருக்களுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுப்பது என்று ஏற்பாடு. வதனி தேநீர் கொண்டுவந்தாள். சிவனேஸ்வரி எதிரில் உட்கார்ந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, தொழிற்சாலைக் குளிரில் வெடித்த கைகளை மடியில் வைத்திருந்தாள்.

குலசேகரம் ஓம் என்றார், அண்டைக்கு நான் என்றார்.

“அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது,” என்றாள் சிவனேஸ்வரி. அவர் ஒரு வாய் குடித்ததும் சொன்னாள்: “முதலிலை இருந்து சொல்லுங்கோ. நீங்கள் எனக்கு ஒருக்கால்தான் சொன்னனீங்கள். அண்டைக்கு எனக்குக் கேக்கத் தெரியேல்லை. இண்டைக்குக் கேக்கப்போறன். மணி அடிக்கேக்கை அவர் என்ன செய்துகொண்டிருந்தவர்?”

இந்தக் கேள்வியை லண்டனில் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் மணி அடித்ததற்குப் பிறகு நடந்ததைத்தான் கேட்டார்கள். குலசேகரத்தின் கை தானாக எழுந்து தலையைத் தடவியது.

“எனக்குத் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தவன்,” என்றார்.

கப்பலில் எல்லாருக்கும் ஆனந்தராஜாதான் முடிதிருத்துபவர். கப்டன்கூட அவரிடம்தான் தலையைக் கொடுப்பார். அன்று கடல் உயரமாக இருந்தது. குலசேகரம் இண்டைக்கு வேண்டாம், காதை வெட்டிப்போடுவாய் என்று சொன்னார். கப்பல் ஆடினாலும் என்ரை கத்தரிக்கோல் ஆடாது, வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று ஆனந்தராஜா அவரை ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார வைத்தார். இடது பக்கம் வெட்டி முடிந்தது. வலது பக்கத்துக்கு வரும்போது கப்பல் சாய்ந்தது. மணி அடித்தது. ஓடும்போது ஆனந்தராஜா, மிச்சத்தைப் பேந்து வெட்டுவம், பிறகு வெட்டுவம் என்று கத்திக்கொண்டு ஓடினார்.

“ஸ்பெயினிலை இறக்கேக்கை எனக்கு ஒரு பக்கம்தான் மயிர் வெட்டியிருந்தது. பேப்பர்க்காரர் படம் எடுத்தவங்கள். பைத்தியம் எண்டு நினைச்சிருப்பாங்கள்.”

வதனி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள்கள் குலுங்கச் சிரித்தாள். இராஜேந்திரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார்.

“என்ரை தம்பிக்கும் இப்பிடித்தான் ஒருக்கால் பாதியிலை விட்டிட்டுப் பந்தடிக்கப் போயிட்டார்,” என்றாள் சிவனேஸ்வரி. “அப்ப மிச்சத்தை ஆர் வெட்டினது?”

“ஆஸ்பத்திரியிலை ஒரு கன்னியாஸ்திரி. ஆனந்தன் வெட்டின பக்கம்தான் வடிவு.”

பிறகு அவர் மிச்சத்தைச் சொன்னார். சாய்ந்த தளம், சங்கிலி, நீல ஸ்வெட்டர், தலைக்கு மேல் எரிந்த விளக்கு, நீ போ என்று காட்டிய கை. கயிறு வெட்டுப்பட்டதைச் சொன்னார். மழையைச் சொன்னார். விளக்கு அணைந்தது என்றார். இராஜேந்திரன் முன்னால் சாய்ந்தார். பேந்து என்று சிவனேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

ரயிலில் மனப்பாடம் செய்த வசனம் குலசேகரத்தின் வாயில் தயாராக இருந்தது. ஆனால் தலைமயிர் வெட்டிய கதைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைக்க அவரால் முடியவில்லை. ஒன்று அவர் கண்டது. மற்றது ரயிலில் செய்தது. இரண்டும் ஒரு வாயிலிருந்து வந்தால் எது எது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

“பேந்து நான் காணேல்லை, தங்கச்சி,” என்றார். “கண்டனான் எண்டு சொல்லத்தான் வந்தனான். ஏலாமல் கிடக்கு.”

இராஜேந்திரன் பெருமூச்சு விட்டார். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவும் சொல்லி, ஒரு சொல்லுக்கு ஏன் அண்ணை என்று அவர் தொடங்கினார்.

“அவரை விடுங்கோ,” என்றாள் சிவனேஸ்வரி. “அவர் சொல்லட்டும் எண்டு நானும் சம்மதிச்சனான். நானும் களைச்சுப் போனன். ஆரும் ஒராள் செத்தார் எண்டு சொன்னால் அழுது முடிச்சிட்டு வேலைக்குப் போகலாம் எண்டு நினைச்சனான். ஆனால் இவர் காணாததைக் கண்டனான் எண்டு சொன்னால், கண்டதும் பொய்யாய்ப் போயிடும். ஸ்வெட்டர் போட்டிருந்ததும் பொய், தலைமயிர் வெட்டினதும் பொய். எனக்கு அவரிலை மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான்.”

பிறகு அவள் கலியாண அழைப்பிதழைப் பற்றிச் சொன்னாள். ‘அமரர்’ வேண்டாம், ‘திரு’வும் வேண்டாம், பேரை மட்டும் போடுங்கோ என்றாள். தான் எப்போதும்போலப் பொட்டோடுதான் நிற்பாளாம். கேட்பவர்களுக்குக் கடலுக்குப் போனவர், இன்னும் செய்தி இல்லை என்று சொன்னால் போதுமாம். வதனி தாயின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, “அம்மா சொல்லுறதுதான் மாமா, ப்ளீஸ்,” என்றாள்.

வீட்டில் கேட்டுச் சொல்லுறன், சரிவருமோ தெரியாது என்று இராஜேந்திரன் எழுந்தார். காரில் குலசேகரத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.

அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. கலியாணம் குழம்பிவிட்டது, குழப்பியது தான்தான் என்று குலசேகரம் முடிவு செய்துவிட்டார். ஷிப்டில் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தார். சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நாள் நினைப்பார், சொல்லாதது நல்லது என்று அடுத்த நாள் நினைப்பார். ஹரோவில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை, அழைப்பிதழில் என்ன இருந்தாலும் எனக்கு இந்தக் கலியாணம்தான் வேண்டும் என்று தகப்பனிடம் சொன்னாராம். இராஜேந்திரனின் மூத்த சகோதரி, அப்படியானால் நாங்கள் வரமாட்டோம் என்றாராம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அடிபட்டு, கடைசியில் அவர் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

காட் தபாலில் வந்தபோது தவமலர்தான் பிரித்தாள். பெண்ணின் பெற்றோர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், ஆனந்தராஜா, சிவனேஸ்வரி. முன்னால் ஒன்றும் இல்லை.

டிசம்பருக்கு முன்னமே ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம் நடந்தது. இராஜேந்திரனின் சகோதரி வீட்டார் வரவில்லை. அவர்களுக்காகப் போட்ட வரிசையில் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். சிவனேஸ்வரியின் தம்பியும் மனைவியும் தாரை வார்த்தார்கள். சிவனேஸ்வரி அவர்களுக்குப் பக்கத்தில், மரகதப் பச்சைச் சேலையும் பொட்டுமாக நின்றாள். முன்வரிசையில் சிலர் குசுகுசுத்தது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் ஐயர் சொன்னபடி பூவை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு மேசையில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் குலசேகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள்தானே அந்தக் கப்பலிலை தப்பினவர் என்று கேட்டார். குலசேகரம் சோற்றைப் பிசைந்தபடி ஓம் என்றார். அந்த முறை அவர் கதையைத் தலைமயிரிலிருந்து ஆரம்பித்தார்.

தொண்ணூற்றாறு நவம்பரில் பன்னிரண்டு வருடம் முடிந்தது. குருக்கள் தானாகவே சிவனேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்து, இனிச் செய்யலாம் பிள்ளை என்று சொன்னார். நான் இன்னும் ஆக்களிட்டைக் கேட்டு முடியேல்லை ஐயா என்று அவள் பதில் சொன்னாள். வதனியின் கலியாணத்துக்குப் பிறகு அவள் கேட்கத் தொடங்கியிருந்தாள். கப்பலில் வேலை செய்தவர் யாராவது லண்டனுக்கு வந்தால் போய்ப் பார்ப்பாள். குலசேகரமும் கூடப் போவார், அவர் கண்டதைச் சொல்லுவார். இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குலசேகரத்துக்குக் களைப்புத் தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். ஷிப்ட் முடிந்து பார்க்கிங்குக்குப் போய் வருவது லேசான வேலை இல்லை. ஆனால் அழைத்தால் போகிறார்.

ஆகவே இதை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்பதுகளில் கப்பலில் போன ஒருவர் இருந்தால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். கப்பலின் மூன்று பெயர்களில் அவர் எதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று தெரியாததால் பெயரை விடுங்கள். எண்பத்து நான்கு நவம்பர், பிஸ்கே விரிகுடா, பச்சைக் கப்பல், மஞ்சள் புகைபோக்கி, சோளம் என்று சொல்லுங்கள். அதன் வலப்பக்கப் படகை யாராவது எங்காவது கண்டார்களா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அவரை இன்னொருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.